அறுநூற்று நாற்பது வரை

அந்தத் தையல் ஆலையில் அவளை எல்லோரும் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் ஒரு நெலைக்கு வரட்டும்" என்று தட்டிக் கழித்தவள். மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை இதே ஆலையில் சேர்த்துவிட்டாள். அவனுடைய தொழிலாளர் எண் 640.

ஆலையில் இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் தொழிலாளர் விவரம் முழுவதையும் பிரவுசருக்குள்ளேயே தரவுத்தளமாகக் கட்டி வைத்திருந்தாள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எல்லை சொன்னால், அதற்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்துத் தரும். கடைசி எண்ணைச் சேர்ப்பதா, விடுவதா என்றும் சொல்லலாம். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட வாரம் அது. மேனேஜர் வந்தார்.

"நானூறுல இருந்து அறுநூத்தி நாப்பது வரைக்கும் பேர் எடுத்துக் குடும்மா. யார்கிட்டயும் மூச்சு விடாத."

எதற்கென்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப் போகிறவர்களின் பட்டியல் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கடைசி எண்ணை விட்டுவிடும் அந்த ஒரு சொல்லைத் தட்டினாள். பட்டியல் 639ஓடு நின்றது. மற்றவர்கள்? மனசு உறுத்தத்தான் செய்தது, ஆனால் பிரின்டரை நிறுத்தும் அளவுக்கு இல்லை. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடும், சட்டைக்குப் பட்டன் தைக்கும் பட்டன்காரியின் பெயரும் கண்ணெதிரே அச்சாகி வந்தது.

தம்பியை வேறோர் ஆலையில் கூப்பிட்டிருந்தார்கள். "அதெல்லாம் வேணாம்டா. உன்ன இங்க எவனும் அசைக்க முடியாது" என்றாள். அக்கா பேச்சுக்கு அவனிடம் மறுபேச்சு ஏது? அன்றே வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை காலை வாசலில் பட்டியலை ஒட்டினார்கள். இதில் பெயர் உள்ளவர்கள் புதிய கட்டிடத்துக்கு வரவும், மற்ற தொழிலாளர்களுக்கு இன்றோடு வேலை இல்லை என்று மேலே எழுதியிருந்தது.

தம்பியை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"அறுநூத்தி நாப்பது வரைக்கும்னு தானே சொன்னேன்? இவன் எப்படி விட்டுப்போனான்?"

"நான்தான் சார் எடுத்துட்டேன். லிஸ்ட்ல இருக்கறவங்கள அனுப்பப் போறீங்கன்னு நெனச்சு..."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மத்தவங்க எப்படியோ போகட்டும்னு குடுத்துட்ட?"

அக்காவுக்கு நன்றி சொல்ல வந்து கதவோரம் நின்றிருந்த பட்டன்காரி திரும்பிப் போனாள்.

"மேல கையெழுத்தாயிடுச்சும்மா, இனிமே ஒரு பேரு கூட சேர்க்க முடியாது. உனக்கு ஒண்ணும் இல்ல. புது கட்டிடத்துல உன் மேஜையெல்லாம் போட்டாச்சு" என்றார் மேனேஜர்.

தம்பி அடையாள அட்டையைக் கழற்றி மேனேஜர் மேஜையில் வைத்தான்.

"உன்ன யாருக்கா கேட்டா?" என்றான்.