தட்டிவானில ஒரு வாத்து

முள்ளுக்கம்பி காலைக் கிழிச்ச என்ர வாத்தைக் பனையோலைக் கடகத்துக்குள்ள வைச்சு, இண்டைக்கு எங்கட ஊர் கரம்பொனில ஆள் ஏத்திற தட்டிவான் ஏறினனான். உப்புத்தண்ணியில கழுவி மஞ்சள் பூசியும் வீக்கம் வத்தேல்லை. வாடைக்காத்துக்கு நடுங்கிக்கொண்டே இருந்துது.

"அக்கா, கறிக்கோ?" எண்டு சாரதி கேட்டார்.

"இல்லைத் தம்பி, மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போறன்."

வானுக்குள்ள இருந்த எல்லாரும் சிரிச்சினம்.

ஊர்காவற்றுறையில வைத்தியர் இல்லை. மழையால வரேல்லையாம்.

அதே வானில திரும்பி வரேக்க வாத்தைச் சீலைத் தலைப்பால மூடி, கடகத்தோட மடியில வைச்சிருந்தனான். பாதி வழியில அதின்ர கழுத்து என்ர கையில சரிஞ்சுது. சாரதி வானை மெதுவா ஓட்டினார்.

வீட்டு வாசல் படலையடியில அதின்ர சோடி, ஆண் வாத்து, மழையில நனைஞ்சுகொண்டு நிண்டுது. கடகத்தை இறக்கி வைச்சன். அலகால தட்டித் தட்டி எழுப்பிப் பாக்குது. உள்ளுக்குக் கூப்பிட்டாலும் வருகுதில்லை.

வாத்துக்கு விளங்கிற மாதிரி இதைச் சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தால், எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்கோ.