மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது?

காயாத கறுப்புப் பெயின்றின் மணம் ஐந்தாம் வகுப்பறை முழுவதும் நிறைந்திருந்தது. தோட்டவெளி ஊருக்கு அப்பால், கடலோரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் அன்று நாங்கள் ஒரு பெரிய காகித மட்டையில் மீன்கள் வரைந்துகொண்டிருந்தோம்; மேலே உள்ளங்கை அளவில் ஒன்று, கீழே போகப்போகச் சிறுத்து, கடைசி வரியில் நெத்தலிக் குஞ்சு அளவு. ஒன்று இடப்பக்கம் பார்க்கும், ஒன்று வலப்பக்கம், இன்னொன்று மேலே, வேறொன்று கீழே.

வரையச் சொன்னவர் புதிதாக வந்த பள்ளி அதிபர் பிலோமினா ரீச்சர். பெற்றார் கூட்டத்தில் தாய்மார் தேர்ச்சி அறிக்கையைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டவர், சனிக்கிழமைகளில் ஊராரின் கண்களைப் பள்ளிக்கூடத்திலேயே சோதிப்பதாகவும், குறை உள்ளவர்களை முருங்கன் ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவதாகவும் அறிவித்தார். முதல் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. சுவரில் தொங்கியது கண் சோதிக்கும் எழுத்து மட்டை. "வாசிக்கத் தெரியாதவை அங்கை போய் வெக்கப்படவோ?" என்று என் அம்மாவே கேட்டார். அதை நான் ரீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப மீன் கீறுவம். மீனைத் தெரியாத ஆக்கள் இஞ்சை இல்லைத்தானே," என்றார் ரீச்சர்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் கூட்டம். பிரம்பால் மீன்களைச் சுட்டிக் காட்டுவது என் வேலை; அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று, தரையில் போட்ட கோட்டில் நிற்பவர் சொல்லவேண்டும். அப்பா மட்டும் வரவில்லை. நாலு பேரை ஏற்றித் தோணி ஓட்டிய அவர், ஒரு வருடமாகத் தெருவில் தெரிந்தவர்களைக் கண்டும் பேசாமல் போய், "பெருமை பிடிச்சவன்" என்று பெயர் வாங்கியிருந்தார். "பார்வை மங்கினது தெரிஞ்சால் ஆர் என்ரை தோணியிலை ஏறுவான்?" என்று அம்மாவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்திருந்தது. தோணிக் கூட்டாளிகள் அவரையும் போகச்சொல்லி நெருக்கவே, ஒருநாள் என்னைக் குசினி அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு, "மீன் எந்தெந்தப் பக்கம் பாக்குதெண்டு சொல்லு பாப்பம்," என்றார். செபம் சொல்லிக்கொடுப்பதுபோல வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் அந்த வாரம் பிள்ளைகள் எல்லாரும் அதையே விளையாட்டாகப் பாடித் திரிந்ததால், வெள்ளிக்கிழமை மாலை ரீச்சர் வேறு மட்டை வரைந்து மாட்டிவிட்டார். மறுநாள் பிரம்பைக் கையில் எடுத்தபோதுதான் நான் அதைக் கண்டேன். அப்பா ஏற்கெனவே கோட்டில் வந்து நின்றுவிட்டார். பெரிய மீனைச் சரியாகச் சொன்னார். இரண்டாம் வரியில் மேலே பார்த்த மீனுக்கு "வலம்" என்றார். பிறகு என் பிரம்புக்கும் காத்திராமல், "இடம், கீழை, வலம்" என்று கடகடவென்று ஒப்புவித்து, வென்றவர்போலச் சிரித்தார்.

ரீச்சர் கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்து, மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, அது போன கிழமை மட்டை. கடலிலையும் மகள் சொல்லித் தருவாளோ?"

நான் அழத் தொடங்கினேன். அப்பா சிறுபிள்ளைகள் இருக்கும் வாங்குப் பலகையில் முழங்கால் மடங்க உட்கார்ந்து, என்னையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பிடிபட்டுப்போனன், ரீச்சர். எப்ப முருங்கனுக்கு?"

கண்ணாடி போட்டு வந்த அன்று, வாசல் படலையிலேயே நின்று, "உனக்குக் கன்னத்திலை மச்சம் கிடக்கே!" என்று அம்மாவைக் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார். தோணிக்காரர் நாலு பேரும் வந்தார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் தானும் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வருசமா எங்களைக் குருட்டாம்போக்கிலையோ கொண்டு போனனீர்?" என்று திட்டினார். மறுநாள் காலை நாலு பேரும் தோணியில் ஏறினார்கள்.

இப்போது அப்பாவும் இல்லை, ரீச்சரும் இல்லை. பள்ளிக்கூடம் இரண்டு மாடியாகி, சுற்றுமதிலும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த வழியே போனேன். ஊரில் திரியும் கழுதைகள் நாலைந்து மதில் நிழலில் ஒதுங்கி நின்றன. கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று காவலாளியிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஆர் வரப்போகினம், அக்கா?" என்றார் அவர்.