போல்ட் தின்னும் வாஹித் நானா

வாஹித் நானா போல்ட் தின்கிறார் என்று பதுளை பஸ் நிலையத்தில் பேச்சு. காலையில் இரண்டு என்றார் ஒருவர். வெள்ளிக்கிழமைகளில் நட்டும் சேரும் என்றார் வெற்றிலைக் கடைக்காரர். இறக்குமதி நின்றுபோன காலத்தில்கூட நாடு இந்த நிலைக்கு வரவில்லையே என்று அவருடைய கராஜுக்கே போய்ப் பார்த்தேன்.

தின்னவில்லை. போல்ட்டை இடுப்புச் சாரத்தில் துடைத்து, அதன் திருகுப் புரியை நாக்கின்மேல் மெல்ல இழுத்தார்.

"நெருக்கப் புரி" என்றார், கண்ணை மூடியபடி.

"நகத்தால் தடவிப் பார்க்கக் கூடாதா நானா?"

"நகமெல்லாம் தேஞ்சி மொட்டை. நாக்குத்தான் புதிசா ஈக்கி. ஊட்டுக்காரி றஷீதா அதுக்கு வேல குடுக்குறல்ல."

எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பனர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உண்டு. அலுமாரியில் பத்திரமாகத் தூங்குகிறது. வாஹித் நானாவுக்கு அளவு, சட்டையின் கக்கத்துத் தையல். அது முனகும்வரை ஸ்பனரை இழுப்பார், முனகியதும் விடுவார்.

"நெருக்கப் புரிண்டா அந்த இழுப்புக்கு நல்லா இறுக்கிப் புடிக்கும். அகலப் புரிண்டா புடி கொறவு. கைக்கு ரெண்டும் ஒண்டு போலத்தான் தெரியும். அதுலதான் நான் ஏமாந்த."

எழுபத்திரண்டாம் ஆண்டில் ஏமாந்தார். ஹல்துமுல்லைத் தோட்ட லொறியின் எஞ்சின் மூடியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்று உடைந்திருந்தது. புதிது கிடைக்காத காலம். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்ததை அதன் நட்டோடு போட்டார். மற்றவை நெருக்கப் புரி, அது மட்டும் அகலப் புரி. தடவிப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே முனகல்.

மூன்றாம் நாள் அந்த லொறியில் தோட்டத்து நல்லம்மா ஏறினாள். அவளுடைய அக்கா பதுளையிலிருந்து ரயிலேறி ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறாள். மகளின் சடங்குக்கு அக்காவிடம் இரவல் வாங்கிய தோடு நல்லம்மாவின் முந்தானையில். அப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் நிற்கும் நேரத்தில் கொடுத்து, முகத்தையும் பார்த்துவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் அந்த ஒரு போல்ட் பிடி விட்டது. எஞ்சின் சீறி நின்றது. மீதி மேட்டை ஓடியே ஏறினாள். ஸ்டேஷன் கண்ணில் படுமுன் கோச்சி ஊதிக் கிளம்பிவிட்டது.

மறுவாரம் கராஜுக்கு வந்தாள். ஏச்சு வாங்கத் தயாராக நின்றார் நானா. அவள் ஏசவில்லை. தோட்டை மேசையில் வைத்தாள்.

"கோச்சிய விட வெச்சது நீங்கதானுங்க நானா. அக்காகிட்ட நீங்களே சேத்துருங்க."

ஏழு வருடமாகிறது. அக்கா பேருக்குத் திருச்சிக்குப் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பிவிட்டன. புடவை எடுக்க இந்தியா போன புஹாரி முதலாளி, தோட்டைக் கொண்டுபோய், விசாரித்து, கொண்டுவந்தார்.

"இந்தியா இவ்வளவு பெருசுண்டு எனக்கு யாரும் செல்லல்ல" என்றார் வாஹித் நானா.

நட்டுகளுக்கு நடுவிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். தோட்டின் திருகாணி சற்றுத் தளர்ந்திருந்தது. கையைச் சாரத்தில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். தையல் முனகவில்லை. இரண்டே விரலால், மூச்சுவிடாமல் திருகி, முட்டிய இடத்தில் நிறுத்தி, டின்னை மூடினார்.