உடையாமல் ஒரு ரவுண்டு

காவேரிக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு அறை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவள் அண்ணன் வீடு தறி வீடு. நடுவீட்டைத் தறி பிடித்துக்கொள்ளும். மனிதர்கள் மிச்சத்தில் இருந்துகொள்ள வேண்டும். கட்டியவனை விட்டு வந்தவளுக்குக் கிடைத்தது தறிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் அகலம். அண்ணன் தறிக்குழியில் இறங்கிவிட்டால், உடம்பு சரியில்லை என்றாலும் இவள் பாயைச் சுருட்டியாக வேண்டும்.

நான் தினகரன். ஆட்டோ ஓட்டுகிறேன். அவளை முசரவாக்கத்துக்குத் தினமும் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறவன் நான்தான். அதனால் அவளைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு.

முசரவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பாஷ்யம் சார் ஒரு விமானம் கட்டி வைத்திருக்கிறார். பொம்மை இல்லை சாமி, இரண்டு பேர் உட்காரும் நிஜ விமானம். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாகம் பாகமாக வரவழைத்துத் தன் கையாலேயே பூட்டினார். அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று. கோயிலுக்குப் போனால் கோயிலில், கல்யாணத்துக்குப் போனால் கல்யாணத்தில், "பறக்கப்போறேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. ஆனால் கொட்டகைக்குப் பின்னால் மண்ணை இறுக்கிப் போட்ட பாதையில் விமானம் ஓடியதோடு சரி. எழும்பியதே இல்லை.

ஏன் என்று கேட்டால் ஷூவைக் காட்டுவார். சக்கரத்தின் மேல் மாட்டுகிற ஃபைபர் உறைக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மீன் மாதிரி இருக்கும். காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காம். டயருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளிதான். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதன் பின்விளிம்பு விரிசல் விட்டுவிடும். "ஷூ சரியாகட்டும், அப்புறம் மேலே போறேன்" என்பார் சார்.

சரி செய்வது காவேரி. ஒரகடம் பக்கம் ஒரு ஃபைபர் கம்பெனியில் கற்றுக்கொண்ட வேலை. விரிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் நுனியில் பொடித் துளை போடுவாள். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவாள். கண்ணாடி இழைத் துணியை வெட்டி வைத்து, ரெசின் பசை தடவி, குமிழி நிற்காமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒட்டுவாள். காய்ந்ததும் பட்டி, பெயின்ட். இழைத் தூசி தோலில் ஏறி, ஆட்டோவில் வீடு வரைக்கும் கையைச் சொறிந்துகொண்டே வருவாள்.

வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே? அங்கேதான் வினை. முதல் விரிசலுக்கு அப்புறம் விமானத்துக்கு மறுபடி பூஜை போட்ட அன்று இவள் பாட்டுக்கு எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து, "காமாட்சி மேல சத்தியமா, இந்த ஷூ உடையாம பிளேன் ஒரு ரவுண்டு ஓடுற வரைக்கும் வேற வேலைக்குப் போமாட்டேன்" என்று சொல்லித் தொலைத்தாள். யாராவது கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை!

இந்த நேரத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்து யேசுதாஸ் என்பவர் கூப்பிட்டார். ஃபைபர் படகு கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். பெண்களுக்கு வேலை சொல்லித்தர ஆள் வேண்டும், பங்குனிக்குள் வந்துவிடு என்றார்.

"தங்கறதுக்குத் தனி ரூமு குடுக்கறாங்களாம்ணா. தாப்பா இருக்குதான்னு கேட்டேன், சிரிச்சிட்டாரு" என்று சொல்லித் தானும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் ஒரு வெறியோடு வேலை செய்தாள். பின்விளிம்புக்கு இன்னும் ஒரு அடுக்கு துணி கொடுத்தாள். கல் மாதிரி ஆயிற்று. விமானத்தை வெளியே தள்ளினோம். சாரின் மனைவி ரமாமணி அம்மாள் வழக்கம்போல் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார். சார் ஓட்டினார். பாதி தூரத்தில் 'படக்'. திரும்பி வந்தால் அதே இடத்தில் விரிசல்.

காவேரி அழவில்லை. வழக்கமாக சாரே கழற்றித் துடைத்துத் தருவார்; அன்று அவர் கை கழுவப் போயிருக்க, இவளே ஷூவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தாள். உள்ளே எலுமிச்சந்தோல் அப்பியிருந்தது. டயரில் நசுங்கி ஒட்டிய பழம் பின்பக்கமாக மேலே ஏறி அந்தச் சின்ன இடைவெளியில் அடைத்துக்கொள்கிறது. அட கஷ்டகாலமே! இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் கண்ணெதிரே பார்த்த பழம்தான். வண்டி என்றால் சக்கரத்துக்குப் பழம் வைப்பது. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? என் ஆட்டோவுக்கும் வைக்கிறேன்.

ஓடிப்போய் ரமாமணி அம்மாளிடம் சொன்னாள். அவர் திடுக்கிடவே இல்லை.

"நேக்குத் தெரியும்டி. ரெண்டாம் தடவையே பார்த்துட்டேன்" என்றார் மெதுவாக. "அவர் மேலே போனா உசிரோட இறங்குவாரா? கை எப்படி நடுங்கறது பார்த்தியோல்லியோ? அவர்கிட்ட சொல்லாதே, உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

திரும்பும்போது ஆட்டோவில் இதைச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரம் கட்டினேன்.

"சார்கிட்ட போட்டு உடைச்சுட்டுக் கெளம்பும்மா!"

"சொல்லி, அவரு மேல போயி எதுனா ஆயிட்டா? அந்தம்மா மூஞ்சில எப்டிண்ணா முழிப்பேன்?"

"அப்ப நாகப்பட்டினம்?"

அவள் கையைச் சொறிந்தாள்.

மறுநாள் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வந்தாள். எலுமிச்சம்பழப் பேச்சையே எடுக்கவில்லை.

"சார், இந்த ஷூவக் கழட்டிட்டா பிளேன் பறக்காதா?"

சார் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பறக்கும்" என்றார் கடைசியில். "வேகம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் சார் இதுக்காக நிக்கறீங்க?"

அவர் பக்கத்தில் நின்ற ரமாமணி அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார்.

"பயமா இருக்கும்மா" என்றார் சார். "கட்டற வரைக்கும் இல்லே. கட்டி முடிச்ச அன்னிக்கு வந்தது. ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சுட்டேன். இப்போ எந்த மூஞ்சிய வெச்சுண்டு மாட்டேன்னு சொல்றது? இவ பழம் வைக்கறதும் தெரியும், அது உள்ளே போறதும் தெரியும். உடைஞ்சா சரின்னு விட்டுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு ரவுண்டு பழம் இல்லாம ஓட்டுங்க சார். பொண்ணு சத்தியம் தீந்துடும், அது பொழப்பப் பாத்துக்கினு போவட்டும்!"

"உடையாம ஓடினா மறுநாள் நான் பறந்தாகணுமேப்பா" என்றார் அவர். குழந்தை மாதிரிச் சொன்னார். அதற்கு மேல் அந்த மனுஷனைத் திட்ட வாய் வரவில்லை.

ரமாமணி அம்மாள்தான் காவேரியின் கையைப் பிடித்தார்.

"இருந்துடேன்டி. உனக்கு ரூம்தானே வேணும்? இந்தக் கொட்டகை ஓரமா ஒண்ணு கட்டித் தர்றோம். தாப்பாள் வெச்சே கட்டித் தர்றோம்."

நான் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் என் ஆட்டோவில் உட்கார்ந்துதான் யேசுதாசுக்குப் போன் போட்டாள். "வேற ஆளப் பாத்துக்குங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

பங்குனியில் அறை முடிந்தது. சிமென்ட் ஷீட் கூரை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் விமானத்தின் வால் தெரியும். அவளுடைய பாயையும் துணிமூட்டையையும் நான்தான் ஏற்றி வந்தேன்.

"இருண்ணா, பாரு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். "நல்லா இருக்குதாண்ணா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"நல்லா இருக்குதும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

வெளியே சார் விமானத்தைத் தள்ள என்னைக் கூப்பிட்டார். ரமாமணி அம்மாள் முந்தானையில் பழம் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்த காவேரி, அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கி, குனிந்து, தானே சக்கரத்தடியில் வைத்தாள்.