மூக்குக்காரியின் தட்டுகள்

அந்த வீட்டில் கணவனுக்கு மாடு, மனைவிக்கு மூக்கு. இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். வெயிலில் வெளியே பச்சை என்று ஒரு துரும்புகூட மிஞ்சாத இடத்தில், வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டிய ஓர் அறைக்குள் அவள் மண்ணில்லாமல் தீவனம் வளர்த்தாள். மக்காச்சோளத்தை ஊறவைத்து, ஈரச் சாக்கில் முளைகட்டி, தட்டுகளில் பரப்பித் தண்ணீர் தூவுவாள். ஒரு வாரத்தில் வேர்கள் பின்னிக்கொண்டு பச்சைப் பாயாகச் சுருட்ட வரும்.

"தண்ணியில புல்லு வளக்கப் போறாளாம்" என்று முதலில் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவன் கணவன். பால் கூடியதும் வாயை மூடிக்கொண்டான்.

இந்தத் தொழிலின் எமன் பூஞ்சை. காற்றில்லாமல் புழுங்கினால் போதும், வேரில் ஏறிவிடும். அதைத் தின்ற மாடு படுக்கும், சினைமாடு கன்றை இழக்கும். நல்ல வேரிலும் பஞ்சு மாதிரி வெள்ளை இழை வரும், பூஞ்சையும் வெள்ளைதான். கண்ணை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். அதனால் அவள் ஒவ்வொரு தட்டையும் புரட்டி வேரை முகர்ந்து பார்ப்பாள். மக்கல் வாடை இருந்தால் தட்டோடு குழிக்குப் போகும். அவள் முகராத தட்டு வாசலைத் தாண்டாது. அக்கம்பக்கத்தில் தீவனம் வளர்ப்பவர்களும் அவளிடம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூக்குக்காரி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, எண்ணெய், சாணம் எதுவும் தெரியவில்லை. மாட்டுக் கொட்டகையில் வேலை பார்ப்பவளுக்கு அது வரம் என்று யாராவது கேலி பேசியிருப்பார்கள். அவளுக்கோ பிழைப்பே அந்த மூக்குதான்.

சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் அறைச் சாவி நாத்தனார் கைக்குப் போகும். அந்த மகராசி அதற்குத்தான் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். இன்று வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, வழக்கம்போலத் தட்டைத் தூக்கி முகர்ந்து தலையாட்டினாள். தலையாட்டத் தலையாட்ட அது பழகியும் போயிற்று.

அனல் உச்சத்தில் இருந்த வாரத்தில், அறைக்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி நின்றுபோனது. பழுது பார்ப்பவன் வருவதற்குள் அறை புழுங்கித் தீர்த்தது. மறுநாள் காலை தட்டைப் புரட்டினாள். வேரில் வெள்ளை கொஞ்சம் தடிப்பாக இருந்தது. முகர்ந்தாள். ஒன்றுமே தெரியவில்லை.

"என்ன, போடலாமா?" வாசலில் நின்று கணவன் கேட்டான்.

"போடுங்க" என்றாள்.

அவன் தட்டுத் தட்டாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். அவள் காலித் தட்டுகளைக் கழுவினாள். மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனாள். நிறைமாதச் சினையான செவலைப் பசு தீவனத் தொட்டியில் மூக்கை வைத்தது, ஒரு சீறு சீறியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ராணிக்கு இன்னிக்கு ரொம்பத்தான் கிராக்கி" என்றபடி அவன் வெல்லத் தண்ணீரைத் தீவனத்தின் மேல் தெளித்தான். செவலையின் கழுத்தைத் தடவி, தலையைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். "அவளே மோந்து பாத்துட்டா. அதுக்கு மேல நீ என்னத்த மோந்து பாக்கற? தின்னு தாயி."

செவலை நாக்கை நீட்டியது.

"வேணாங்க." அவள் பாய்ந்து தீவனத்தை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிந்தாள். "எனக்கு வாசனையே தெரியலைங்க. ஒண்ணுமே தெரியல."

அவன் வெல்லச் செம்புடன் அப்படியே நின்றான். "எப்பலேருந்து?"

"காய்ச்சல்லேருந்து."

  அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு அடுத்த தொட்டியைப் போய்ப் பார்த்தான், அதற்கடுத்ததையும் பார்த்தான். மற்ற மாடுகளுக்கு முதலிலேயே போட்டாயிற்று. ஒரு வேர்கூட மிச்சமில்லை.