கலாவதி வீட்டு நீலப் பீப்பாய்

பத்தாங் காலி ஊரில் கலாவதியைப் போலத் தண்ணீர் புழங்கத் தெரிந்தவள் எவளும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவுவாள். துணிமெஷின் கடைசியாக அலசி விடும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்றுவாள். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் இருந்த காலத்திலேயே கஞ்சப்பிசினாறி என்று பேர் வாங்கியவள். இந்தத் தடவை குழாயில் தண்ணீர் நின்ற நாலாம் நாள், அப்படிச் சொன்னவர்களின் வீடெல்லாம் நாறிப்போனது. இவள் வீட்டில் மட்டும் நீலப் பீப்பாயில் அரைவாசி நல்ல தண்ணீர் இருந்தது.

அது வேறு யாருக்கும் கிடையாது. புருஷன் திருச்செல்வத்துக்கு இனிப்புநீர் வியாதியால் காலில் புண். காய்ச்சிய தண்ணீரில் இரண்டு வேளையும் கழுவாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று பார்த்து வந்து சேர்ந்தான் கொழுந்தன் சேது. பக்கத்து ஊரான உலு யாமில் ஒரு சாவுக்குப் போய், நன்றாகக் குடித்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். தலை முழுகாமல் வாசல்படி ஏறக் கூடாதே! கலாவதி வெளியே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு செம்பு ஊற்றியதும் அவனுக்குச் சோப்பு வாடை அடித்தது.

“துணி அலசின தண்ணியா அண்ணி?”

“தீட்டுக் கழியத்தானே லா. எதுவா இருந்தா என்ன?”

“நான் என்ன நாயா?”

வாளியைச் சுவரில் அடித்துப் பிளந்தான். வாசலோரம் இருந்த பீப்பாய்ப் பக்கம் திரும்பினான். குறுக்கே விழுந்தவளை மயிரைப் பிடித்து இழுத்தெறிந்துவிட்டு ஓங்கி உதைத்தான். பீப்பாய் கவிழ்ந்தது. தண்ணீர் முழுக்கச் சிமெண்டுத் தரையில் ஓடிச் சாக்கடையில் இறங்கியது.

அடப்பாவி! கலாவதிக்குக் கண் இருண்டது. கைக்கு அகப்பட்டது தேங்காய் வெட்டும் பாராங் கத்தி. அதன் பின்பக்கத்தால் மண்டையில் மடாரென்று ஒன்று போட்டாள். சேது ரத்தத்தோடு சரிந்து உட்கார்ந்தான்.

“ஐயோ, கொல்றாளே!”

“கொல்லத்தான்டா அடிச்சேன்!”

உள்ளே கட்டிலில் இருந்து திருச்செல்வம் அலறினார்: “கலா, அவன் என் தம்பி! மொதல்ல அவனக் கழுவி விடு!”

அடுப்பில் காய்ச்சி ஆறவைத்த ஒரு சட்டித் தண்ணீர்தான் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு நேரே புருஷனிடம் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். கணுக்காலை இறுக்கிப் பிடித்து, அவசரமே படாமல் புண்ணைக் கழுவிக் கட்டினாள். பிறகுதான் மீந்த இரண்டு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து சேதுவின் தலையில் ஊற்றினாள். வெறி இறங்கி அவன் அழுதுகொண்டிருந்தான்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி. கண்ணு தெரியல.”

“சாக்கடையில கெடக்கு. போய் அள்ளிக்க.”