ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நல்ல நாள்

பாடம் நடத்துவது சுலபம்; பாடம் கேட்க ஆள் சேர்ப்பதுதான் வாத்தியார் உத்தியோகம். பி.எட். பயிற்சிக்குப் போய் நொந்த சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? எனக்கு வாய்த்தது மதுரையில் ஒரு பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்தைந்து பேர். எங்கள் கல்லூரி அறிவியல் பேராசிரியர் வந்து, என் கடைசிப் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். வகுப்பில் நாற்பது பேருக்குக் குறைந்தால் பார்க்க மாட்டார். அவர் பார்க்காவிட்டால் எனக்கு இன்னும் ஒரு வருடம்!

கிடா வெட்டு

அந்தப் பாடத்துக்கு நான் குறித்த முதல் தேதி ஆடியில். விடுதியில் தங்கிப் படித்த எழுமலைப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் முந்தின நாளே பையைக் கட்டினார்கள். ஊரில் கிடா வெட்டு. "ஓர் ஆட்டுக்காகப் பாடத்தை விடுவதா?" என்று அரை மணி நேரம் வாதாடினேன். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் வாங்க டீச்சர். ஆடு நாளைக்கு இருக்காது. பாடம் எங்க போயிரப் போகுது?"

பிறை

அடுத்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. ரம்ஜான் என்றைக்கு என்று ஜெய்த்தூனைக் கேட்டேன். பிறை தெரிந்தால் செவ்வாய், தெரியாவிட்டால் புதன் என்றாள். நான் நடத்த இருந்த பாடமே சந்திரன்தான். பந்து, டார்ச் லைட் எல்லாம் தயார். "கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல முடியாதா?" என்று மல்லுக்கு நின்றேன். "எங்க அத்தாவே மொட்டை மாடியில நின்னுதான் பாப்பாக டீச்சர். நீங்க வேணா மேகத்துக்கிட்ட பேசிப் பாருங்க."

முகூர்த்தம்

திங்கள் மாலையே பிறை தெரிந்துவிட்டது. அந்தத் தேதியும் போயிற்று. ஆவணி பிறந்ததும் மூன்றாவது தேதி குறித்தேன்; அதே நாளுக்குச் சௌராஷ்டிரப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஒரே கல்யாணத்துக்கு லீவு கேட்டார்கள். மணப்பெண் பன்னிரண்டு பேருக்கும் அக்காவாம்! "கூடப் பிறந்தவள் மட்டும் கையைத் தூக்கு" என்றேன். ஒரு கையும் எழவில்லை. ஜெயந்திதான் எழுந்தாள்: "எங்க தெருவுல ஒரு வீட்டுல கல்யாணம்னா மத்த வீட்டுல அடுப்பே எரியாது டீச்சர். நாங்க பட்டினி கெடக்கணுமா?"

அஷ்டமி

பயிற்சி முடிய ஒரு வாரம்தான் பாக்கி. நான் மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டேன். பேச்சியம்மாள், ஜெய்த்தூன், ஜெயந்தி மூவரும் காலண்டரை நடுவில் போட்டு மாநாடு கூட்டி அஷ்டமியைக் கண்டுபிடித்தார்கள்; அன்று யார் வீட்டிலும் ஒன்றும் நடக்காது. ராகுகாலம் என்றாலே சண்டைக்குப் போகிற நான், அஷ்டமிக்குக் கும்பிடு போட்டேன்.

அன்று நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து! மணி அடித்தது. பேராசிரியரைக் காணோம். கல்லூரிப் பியூன்தான் சைக்கிளில் வந்து இறங்கினார்: "அய்யா அஷ்டமியில ஒரு காரியமும் தொடங்க மாட்டாகம்மா. நாளக்கழிச்சு தசமி, அன்னிக்கு வாராக."

தசமி

தசமியன்று ஊரெல்லாம் முகூர்த்தம். ஜெயந்தி தெருவில் இன்னொரு கல்யாணம் வேறு. முப்பது பேர் தேறுவார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். பட்டுப் பாவாடையும் கனகாம்பரமுமாக நாற்பத்தைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் கையில் கல்யாணச் சாம்பார் வாசனைகூடப் போகவில்லை. ஜெய்த்தூன் டார்ச் அடித்தாள், பேச்சியம்மாள் பந்தைச் சுற்றினாள், சந்திரன் ஒழுங்காகத் தேய்ந்து வளர்ந்தது. பேராசிரியர் மனம் குளிர்ந்து மதிப்பெண் போட்டார். வகுப்பை ஒரு முறை பெருமையாகப் பார்த்தார்: "பாத்தியாம்மா, நாள் பாத்து வச்சேன், வகுப்பே நெறஞ்சிருக்கு!"

என் ஆயுளில் பதில் சொல்லாமல் விட்ட ஒரே வாதம் அதுதான், ஏனென்றால் பாதிப் பந்தியில் எழுந்து வந்திருந்த ஜெயந்தி முன்வரிசையில் உதட்டின் மேல் விரலை வைத்திருந்தாள்.